மீசை ஒட்டாத படம்

செந்துறையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், உயிரோடு இருக்கும் ஒரு தாசில்தாருக்கு அஞ்சலி செலுத்தக் கிளம்பியதுதான்.

கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம், பையில் ஒரு சந்தன மாலை. டீக்கடையில், "தாசில்தார் ஐயா வீடு எங்கேங்க?" என்று கேட்டேன். "நேரா போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்றார்கள். போனால் தாலுகா ஆபீஸ். வாசலில் உட்கார்ந்திருந்த பியூனிடம், தாசில்தார் கருமாதிக்கு வந்திருக்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார்.

"அவரு உள்ள கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்காரு. எதுக்கும் ஒரு வார்த்த அவரக் கேட்டுட்டு வந்துடட்டுமா?"

படத்தைச் சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்துக் காட்டினேன். மனிதர் சடக்கென்று எழுந்துவிட்டார். "அட, நம்ம தாசில்தாரு." படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே இருந்தவருக்கு அவர் அத்தனை வேகமாக எழுந்து நிற்பாரா என்பது சந்தேகம்தான். எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, "கலியபெருமாள் வூடுன்னு கேட்டீங்கன்னா ஒருத்தருக்கும் தெரியாது. தாசில்தாரு வூடுன்னே கேளுங்க" என்றார்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மத்தியானம் ஒன்றரை மணிக்கு வருகிற தொடர் அது. யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை, 'ஒன்றரை மணி நாடகம்' என்றால் போதும். அதில் ஓய்வுபெற்ற தாசில்தாராக வந்தவர் கலியபெருமாள். எழுபது வயதுக் கிழவர், வெள்ளை மீசை, கறுப்புச் சட்டம் போட்ட தடித்த கண்ணாடி, நரைத்த தலை. ஊரார் வரப்புச் சண்டையை எல்லாம் தீர்த்துவைப்பார், சொந்தப் பிள்ளைகளின் சண்டையைத் தீர்க்கத் தெரியாது. குரலை உயர்த்தவே மாட்டார். மனசு உடைந்தால் கண்ணாடியைக் கழற்றித் துண்டு நுனியால் துடைப்பார், அவ்வளவுதான். அவர் துடைக்கத் தொடங்கும்போதே எங்கள் வீட்டில் அம்மா முந்தானையைத் தேடுவாள்.

நாகர்கோவிலில் நாங்கள் ஆறு பேர் அவருக்கென்று ஒரு நேயர் வட்டம் வைத்திருந்தோம். அவர் படப்பிடிப்பில் மாரடைப்பு வந்து இறந்துபோனார் என்று பத்திரிகையில் ஒரு மூலையில் வந்திருந்தது. 'தாசில்தார் காலமானார்' என்று தலைப்பு, கீழேதான் பெயர். வயது நாற்பத்து மூன்று என்று போட்டிருந்ததை அச்சுப்பிழை என்றே நினைத்தோம். கருமாதிக்கு வட்டத்தின் சார்பில் ஒருவர் போவது என்று முடிவாயிற்று. மற்ற ஐந்து பேருக்கும் வேலை இருந்தது. பி.எஸ்சி. முடித்துவிட்டு நான் மட்டும் சும்மா இருந்தேன், கருமாதிக்கு மூன்று நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டேன்.

எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் குளமோ வாய்க்காலோ கண்ணில் படும். அரியலூரில் இறங்கியதிலிருந்து எனக்குத் தண்ணீர் தட்டுப்படவே இல்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. சாலையோரத்து வேம்பு, கடைப் பலகை, நாய் எல்லாவற்றின் மேலும் பவுடர் போட்ட மாதிரி வெள்ளை. செந்துறையைத் தாண்டினால் செம்மண், முந்திரி, மறுபடி முந்திரி. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "தம்பி பேச்சு மலையாளமாட்டம் இருக்குதே" என்றார். நாகர்கோவில் என்றேன். "அதான் பாத்தேன்" என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கலியபெருமாளின் மனைவி கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி. 'எங்கள் தாசில்தார் ஐயா எங்களைவிட்டுப் பிரிந்தீரே.' வெள்ளை மீசை, கறுப்புக் கண்ணாடி. கலியபெருமாள் என்ற பெயர் அச்சகத்தின் பெயரைவிடச் சின்ன எழுத்தில் இருந்தது. ஒன்றிரண்டில் அதுவும் இல்லை.

அவர் மனைவி அஞ்சலைக்கு முப்பத்தெட்டு வயது இருக்கலாம். நான் கொண்டுவந்த படத்தை அவர் முன்னால் பிரித்தேன். அழுவார், எப்படித் தேற்றுவது என்று பஸ்ஸிலேயே இரண்டு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அழவில்லை. சட்டத்தைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல கண்ணாடியா போட்டிருக்கீங்க தம்பி. ஆனா இந்த ஆளு படம்தான் ஊரெல்லாம் ஒட்டிக் கெடக்குதே."

எனக்குப் புரியவில்லை.

"எங்க வூட்டுக்காரரு படம் ஒன்னு வேணும். அதுக்குத்தான் அல்லாடிக்கிட்டு இருக்கேன். மீச ஒட்டாம, தலையில டோப்பா இல்லாம, சும்மா இருக்குறாப்ல."

இந்தப் பக்கத்தில் கருமாதியன்று படத்திறப்பு செய்வார்கள். செத்தவரின் படத்தைத் துணியால் மூடி வைத்து, ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் துணியை விலக்கி நாலு வார்த்தை பேசுவார். அன்றிலிருந்து அந்தப் படம்தான் அவர். வெள்ளிக்கிழமை விளக்கு, தீபாவளிப் படையல், எல்லாம் அந்தப் படத்துக்குத்தான்.

அந்தப் படம் அஞ்சலையிடம் இல்லை. சினிமாவில் சேரப் போகும்போது கம்பெனிகளுக்குக் காட்ட ஆல்பம் வேண்டும் என்று வீட்டில் இருந்த படங்களையெல்லாம் கலியபெருமாள் சென்னைக்கு எடுத்துப் போய்விட்டார். கல்யாணப் படத்தைக்கூட விடவில்லை. தனியாக நிற்கிற போட்டோ கேட்டார்கள் என்று பிளேடால் தன் பாதியை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டாராம். அந்த ஆல்பம் ஏதோ ஒரு கம்பெனியில் போனது போனதுதான். ரேஷன் கார்டில் இருப்பது மாமனார் படம். வாக்காளர் அட்டைக்குப் போட்டோ எடுக்க வந்த அன்றைக்கு இவருக்குப் படப்பிடிப்பு.

"சாவன்னைக்கு யாரும் எடுக்கலையா?" என்று கேட்டுவிட்டேன்.

"மீசையோடதான் கொண்டாந்தாங்க. நான் எண்ண போட்டுத் தொடைக்கப் போனேன். எங்க மச்சாண்டாரு, அதான் இவரு அண்ணன், 'தொடைக்காத, ஜனம் இதப் பாக்கத்தான் வந்திருக்கு, இல்லன்னா யாருன்னு கேக்கும்'னுட்டாரு. கண்ணாடியும் போட்டுவிட்டாங்க. அப்படியேதான் எரிச்சாங்க."

வெளியே யாரோ கொட்டகைக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை குரலைத் தணித்துக்கொண்டார்.

"ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருவாரு, நாலு நாளு இருப்பாரு. அந்தக் கெழவன் தெனம் வந்தான் தம்பி, நாலு வருசமா. இப்ப கண்ண மூடுனா அவன்தான் வரான். இவரு மொகம் வர மாட்டேங்குது. இந்த மூஞ்சியத்தான் கருமாதியிலயும் மாட்டுவாங்கன்னா, அப்புறம் சுத்தமா போயிடும்."

கருமாதி வியாழக்கிழமை. அன்று திங்கள். நான் தேடிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். எனக்கு எதிலும் அப்படித்தான், வாய் முதலில் போய்விடும்.

மறுநாள் காலை அரியலூர். அவர்கள் கல்யாணத்துக்குப் படமெடுத்த ஸ்டுடியோ இன்னும் இருந்தது, அப்பாவுக்குப் பதில் மகன். தாசில்தார் என்றதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், டீ சொன்னார். கல்யாண நெகட்டிவ் என்றதும் உதட்டைப் பிதுக்கினார்.

"பழைய கறுப்பு வெள்ள பிலிமு ஒன்னு இல்லீங்க. பிலிம உருக்கி அதுலேருந்து வெள்ளி எடுக்குறவன் வருவான்ல, மூட்டையா கட்டிக் கிலோ கணக்குல அள்ளிக்கிட்டுப் போயிட்டான்."

"எல்லாமா?"

"இந்த வட்டாரத்துக் கல்யாணம் பூராவும் இப்ப யாரு கொலுசுல கெடக்குதோ" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், சிரித்திருக்கக் கூடாது. தெருவுக்கு வந்தபிறகுதான் அது உறைத்தது.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து சென்னைக்கு, தொடர் எடுக்கும் கம்பெனிக்குப் போன் போட்டேன். கலியபெருமாள் சார் ஸ்டில் நூறு இருக்கிறது, எது வேண்டும் என்றார் ஒருவர். மேக்கப் இல்லாமல் ஒன்று என்றேன். "மேக்கப் இல்லாம எதுக்கு சார் எடுக்கப் போறோம்?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். போனை வைத்துவிட்டு மீட்டருக்குக் காசு கொடுத்தேன்.

அஞ்சலை இன்னொரு பெயரும் சொல்லியிருந்தார். சிறுவாச்சூரில் மைக் செட் வைத்திருக்கும் ரெங்கராஜ், கலியபெருமாளோடு மேடை நாடகங்களில் நடித்தவர். பெரம்பலூர் பஸ் பாதி வழியில் பஞ்சர். ஒரு சோளக்கொல்லை ஓரத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். ஒரு அம்மா கூடையிலிருந்து வேர்க்கடலையை அள்ளி என் கையில் வைத்து, "பசிக்கும், தின்னுங்க" என்றார். வேகவைத்த கடலையில் எங்கள் ஊரில் இந்த இனிப்பு இருக்காது. மண் வேறு.

சிறுவாச்சூரில் திங்களும் வெள்ளியும்தான் கோயில் நடை திறப்பார்கள். நான் போனது செவ்வாய். முந்தின நாள் நெருக்கித் தள்ளியிருக்க வேண்டிய கடைவீதியில் தேங்காய் நாரும் நசுங்கிய எலுமிச்சம்பழமும் மட்டும் கிடந்தன. ரெங்கராஜ் கடைக்குள் குழல் ஸ்பீக்கர்களுக்கு நடுவே படுத்திருந்தார். ஐம்பது வயது, தொப்பை, கட்டைக் குரல். விஷயத்தைக் கேட்டதும், "இருக்கு, ஒன்னு இருக்கு" என்று எழுந்தவர், பரண்மேல் ஏறித் தூசியெல்லாம் என் தலையில் கொட்டி, ஒரு குரூப் போட்டோவை எடுத்தார்.

பன்னிரண்டு பேர், ராஜா மந்திரி வேஷத்தில். "இதுல அவர் யாரு?"

நடுவில் இருந்த ராணியின் மேல் விரலை வைத்தார். சவுரி, மூக்குத்தி, உதட்டுச் சாயம். "எங்க செட்டுல பொம்பள வேசத்துக்கு இவன்தான். அந்த நடைய பாத்துட்டு ஒரு மிராசுதாரு பொண்ணு கேட்டு வந்துட்டாருன்னா பாத்துக்கங்க."

"வேஷம் போடாம ஒண்ணும் இல்லையா?"

"வேசம் போடாதப்ப போட்டோ எடுக்க எவன் காசு குடுப்பான்?"

அன்று அவர் வீட்டிலேயே தங்கினேன். அவர் மனைவி சின்ன வெங்காயத்தை முழுசு முழுசாகப் போட்டுக் குழம்பு வைத்திருந்தார். இந்தப் பக்கத்து வெங்காயம், வாயில் வைத்தால் கரைகிறது. மீன் இல்லாமல் நான் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். ரெங்கராஜ் சாப்பிடாமல் ராணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கே அவன் மொகம் சரியா வல்லப்பா. இந்த மூக்குத்திதான் வருது" என்றார்.

யோசனை அவருடையது. புதன்கிழமை காலை என்னைப் பெரம்பலூருக்கு, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்த ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார். அவர் கடையில் மாட்டியிருந்த தாசில்தார் படத்திலிருந்து மீசையையும் நரையையும் கண்ணாடியையும் எடுத்துவிட்டால் அடியில் கலியபெருமாள் இருப்பார் அல்லவா? எனக்கு அது அவ்வளவு சரியாகப் பட்டது. ஏன் இது எனக்கே தோன்றவில்லை என்று வெட்கப்பட்டேன்.

ஸ்டுடியோக்காரர் சுறுசுறுப்பான ஆள். மீசை நிமிஷத்தில் போயிற்று. போன இடத்தில் தோல் இல்லை, வெறும் மங்கல். கன்னத்திலிருந்து கொஞ்சம் வெட்டி அங்கே ஒட்டினார். தலைக்கு வேறொருவர் பாஸ்போர்ட் படத்திலிருந்து கறுப்பு முடி. கண்ணாடியை எடுத்ததும்தான் சிக்கல். ஃபிளாஷ் வெளிச்சம் பட்டு இடது கண் முழுக்க வெள்ளையாக இருந்தது.

"கண்ணு எப்படி இருக்கும்? பெருசா, சின்னதா?" என்றார் என்னிடம். நான் அவரைப் பார்த்ததே இல்லை என்றேன்.

"கொஞ்சம் இடுங்குனாப்ல" என்றார் ரெங்கராஜ். "இவ்ளோ இல்ல. இன்னங் கொஞ்சம். ஆங், இல்ல, முன்ன வச்சதே சரி. நெத்தி ஏறியிருக்கும். அவ்ளோ ஏறாது. யோவ், இது எங்க பெரிய மச்சான் மாதிரி ஆயிட்டுதுய்யா."

மத்தியானம் வரைக்கும் நடந்தது. எந்த வாடிக்கையாளரின் கண்ணோ, யாருடைய நெற்றியோ, கடைசியில் பளபளவென்று ஒரு மனிதர் அச்சாகி வெளியே வந்தார். நாற்பது வயது, கறுப்பு முடி, லேசான சிரிப்பு. "தத்ரூபம்" என்றார் ஸ்டுடியோக்காரர். ரெங்கராஜ் அதைக் கையில் வாங்கிப் பார்க்காமலே பீடி பற்றவைத்துக்கொண்டு வெளியே போனார். அதை நான் கவனித்திருக்க வேண்டும். பெரம்பலூரிலிருந்து செந்துறை போய்ச் சேரும்வரை படத்தை மடியில் வைத்துக்கொண்டு, அஞ்சலை என்ன சொல்வார் என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அஞ்சலை படத்தை வாங்கி விளக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நெடுநேரம் பார்த்தார். அவருக்குப் பின்னால் சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"யாரு தம்பி இது?"

நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் மீசை இருந்த இடத்தைக் கையால் மறைத்தார், பிறகு கண்களை மறைத்தார், பிறகு நெற்றியை.

"மூக்கு அவரு மூக்கு" என்றார். "மத்ததெல்லாம் யாரோ."

மூக்கின் மேல் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, என் கையில் திருப்பிக் கொடுத்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "அலைஞ்சிருக்கீங்க, பாவம். கால் கழுவிட்டு வாங்க, சோறு போடறேன்" என்றார்.

கலியபெருமாளின் அண்ணன் கோவிந்தசாமிக்குத்தான் கோபம். படத்திறப்புக்குச் சுற்றுவட்டாரப் பிரமுகர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தார். "அவரு வந்து துணிய இழுத்தா உள்ள எவனோ ஒருத்தன் இருக்கான்னா என்னா ஆவும்? நாகர்கோவில் தம்பி கொண்டாந்தது மொத தரமான படம். கண்ணாடி சட்டத்தோட. அதயே மாட்டு."

"சரி, மாட்டுங்க" என்றார் அஞ்சலை. வாதாடவே இல்லை. அப்படி அவர் சொன்னபோது என் படத்தைத் தூக்கித் தெருவில் போட வேண்டும்போல் இருந்தது.

வியாழக்கிழமை காலை பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். முன்னால் பாடிய அம்மாவுக்குக் கணீரென்ற குரல். 'வரப்புச் சண்டையெல்லாம் வாய்வார்த்தையில் தீர்த்தவரே, பட்டா இல்லா ஏழைக்குப் பட்டா கொடுத்தவரே' என்று தாசில்தார் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லி அழுதார். அஞ்சலை அவர் கையைப் பிடித்தார்.

"அக்கா, அது நாடகம். இவரச் சொல்லி அழு."

"சொல்லு புள்ள, அழுவறேன். பதினேழு வயசுல நாடக செட்டோட ஊர வுட்டுப் போனவரு. எனக்கு என்னா தெரியும்? என்னாத்தச் சொல்லி அழ?"

அஞ்சலை யோசித்தார். வட்டமே காத்திருந்தது. "கத்திரிக்கா திங்க மாட்டாரு" என்றார். "தூங்குனா எழுப்பக் கூடாது." இன்னும் எதையோ தேடினார், வரவில்லை. அந்த அம்மா கத்திரிக்காயை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? கொஞ்சம் பொறுத்துவிட்டு மறுபடி பட்டாவுக்கே போனார். பெண்கள் எல்லோரும் நெஞ்சு உருகித்தான் அழுதார்கள். அதில் பொய் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

பிரமுகர் வந்தார், துணியை விலக்கினார். கைதட்டல். அப்படியொரு அதிகாரி இனி இந்த வட்டாரத்துக்குக் கிடைக்க மாட்டார் என்று பேசினார். படத்தை உள்ளே கொண்டுபோய்ச் சுவரில் மாட்டி, நான் கொண்டுவந்த சந்தன மாலையைப் போட்டு, விளக்கேற்றினார்கள்.

பந்தி. சாம்பார், வாழைக்காய், வடை, பாயசம். மூன்றாவது பந்தி நடக்கும்போது பெண்கள் மோரை அவசரமாகக் குடித்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போனார்கள். மணி ஒன்றரை.

"அஞ்சல, டிவியப் போடட்டுமாடி? தாசில்தாரு காசிக்குப் போயிருக்காரு, காசிக்குப் போயிருக்காருன்னே நாடகக்காரன் பதினஞ்சு நாள ஓட்டிட்டான். இன்னைக்குத் திரும்பி வராராம்."

அஞ்சலை தலையை ஆட்டினாரா இல்லையா, எனக்குத் தெரியவில்லை. டிவி ஓடத் தொடங்கியது. நானும் போய் நின்றேன். என்னால் நிற்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் கலியபெருமாளின் தாசில்தார் முகம் வந்தது. பக்கத்தில் இன்னொரு முகம். 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்து. ஐந்து விநாடி இருக்கும். நாலு வருஷத்துக்கு அவ்வளவுதான். அடுத்து ரயில் நிலையம், காசியிலிருந்து திரும்புகிற தாசில்தார். அதே மீசை, அதே கண்ணாடி, அதே நரைமுடி.

"கொஞ்சம் ஒசரம்."

"கொரலு அது இல்ல."

"மருமவ கால்ல வுழுறா பாரு. ஐயோ, இவ திருந்த மாட்டா."

"பரவால்லடி, நல்லாத்தான் செய்யிறாரு."

புது மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துண்டு நுனியால் துடைத்தார். மூக்கை உறிஞ்சும் சத்தம் இரண்டு மூன்று இடத்திலிருந்து கேட்டது. நானும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் துடைத்தேன்.

அப்போதுதான் துக்கம் கேட்கத் தாமதமாக வந்த ஒரு தாத்தா துண்டை உதறியபடி உள்ளே நுழைந்தார். சுவரைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"ஏம்மா, அங்க ஒக்காந்து பேசிக்கிட்டு இருக்காரு. இங்க மாலையப் போட்டு வச்சிருக்கீங்க?"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு பரவியது. உண்மையில் அவர் சொன்னது சரி. அந்த வேஷத்துக்குள் போய்விட்டால், சுவரில் இருப்பது செத்தவரா, டிவியில் பேசுகிறவரா என்று பிரித்துச் சொல்ல ஒன்றுமே இல்லை.

அஞ்சலை எழுந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, முதலில் மாலையைக் கழற்றினார். பிறகு படத்தை ஆணியிலிருந்து எடுத்தார். நெற்றியில் வைத்திருந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்தார். கோவிந்தசாமி, "என்னா பண்ற நீ?" என்று வாசலிலிருந்து ஓடிவந்தார்.

"உசுரோட இருக்குறவருக்கு மாலை போடக் கூடாது மாமா. அவரு காசிக்குப் போயிட்டு வந்துட்டாரு" என்றார் அஞ்சலை. படத்தை என்னிடம் நீட்டினார். "எடுத்துட்டுப் போங்க தம்பி. செத்தது எங்க வூட்டுக்காரருதான்."

விளக்கு எரிந்துகொண்டிருந்தது, எதிரே வெறும் சுவர். ஒப்பாரி பாடிய அம்மா தயங்கித் தயங்கி, "அப்ப எதப் பாத்துக் கும்புடறது புள்ள?" என்று கேட்டார்.

"செவுத்தப் பாத்துக் கும்புடுங்க."

நான்கு மணி பஸ்ஸில் நிற்க இடமில்லை. சுற்றியிருந்த செய்தித்தாள் எங்கோ போய்விட்டது. படத்தை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு தொங்கினேன். சீட்டில் இருந்த ஒரு அம்மா, "இப்படிக் குடுங்க, நான் வச்சிக்கிறேன்" என்று வாங்கி மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. கண்ணாடிமேல் படிந்திருந்த தூசியைச் சேலையால் துடைத்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த சந்தனத்தையும் அழுக்கு என்று நினைத்துச் சுரண்டினார்.

முந்திரிக் காடு முடிகிற இடத்தில் அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நீங்க அவருக்குத் தெரிஞ்சவங்களா தம்பி?"

ஆமாம் என்றேன்.

"மத்தியானம் பாத்தேன், காசிக்குப் போயிட்டு வந்தவரு ஆளே ஒரு மாதிரி இருக்காரு. இன்னைக்கு மொகமே சரியில்ல. ஒடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க."